அவன் சொல்லாத வரிகள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால்கூட எழுத்தக்கா இருக்காங்களா என்றுதான் கேட்பார்கள். அடுத்த மேசை என்னுடையது. புதிதாக வரும் புத்தகங்களுக்கு எண் ஒட்டி அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. அவருக்கு நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவரே என்னிடம் சொன்னார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளி இறுதித் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் அவர். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, புகைப்படம்கூட ஒட்டி வைத்திருந்தார். அந்த மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். பின்னால் இரண்டு தங்கைகள். விண்ணப்பம் அலமாரியிலேயே கிடந்தது, அவர் புத்தகம் அடுக்கும் தற்காலிக வேலைக்கு இங்கே வந்தார். வேலை நிரந்தரமாக ஏழு ஆண்டு பிடித்தது. தங்கைகள் படித்துக் கல்யாணமாகிப் போனார்கள். பிறகு இவருக்கும் கல்யாணம் ஆயிற்று. கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். வாயைத் திறந்தால் வால்வு, வாஷர் தவிர வேறு பேச்சே கிடையாது என்று இவரே கேலி செய்வார். ஒரே மகள்.

கூட்டமில்லாத மத்தியானங்களில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கப் போகுமுன் எழுத்தக்கா அவற்றைப் படிப்பார். வரலாறு, சமூகவியல், பொருளாதாரம் எதையும் விட்டுவைத்ததில்லை. படித்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடமாட்டார். பள்ளியோடு நின்றுபோன ஆள் என்ற நினைப்பு அவருக்குள் எவ்வளவு ஆழமாகக் குத்திக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதனால் வந்த பேர்தான் எழுத்தக்கா. பார்வை இல்லாத மாணவர்களுக்கும் கையால் எழுத முடியாதவர்களுக்கும், தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். அந்த ஆள் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது, மாணவரைவிடக் குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. இதெல்லாம் நடப்பதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, கைகள் நடுங்கும் ஒரு மாணவிக்கு எழுத ஆள் கிடைக்காமல் தேர்வு அலுவலகம் திண்டாடியபோது, நம் நூலகத்தில் ஒருவர் இருக்கிறாரே என்று யாரோ சொன்னார்கள். பள்ளிப் படிப்பு, முத்தான எழுத்து, அரை நாள் அனுமதி கொடுத்தால் வந்துவிடுவார். அதற்குப் பிறகு அவர்தான் எல்லோருக்கும். மொத்தம் இருபத்து மூன்று பேருக்கு எழுதியிருக்கிறார்.

தேர்வு முடிவு வந்தால் மாணவர்களுக்கு முன்னால் இவர் அறிவிப்புப் பலகைக்கு ஓடுவார். திரும்பி வந்து, "எனக்குப் பொருளாதாரத்துல எழுபத்திரண்டு" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் மகள் ஒருமுறை நூலகத்துக்கு வந்தபோது, அம்மா இதுவரைக்கும் ஒன்பது பட்டம் வாங்கிட்டாங்க, எல்லாம் வேற வேற பேர்ல என்று சொன்னாள். அதற்கும் சிரித்தோம். ஒரு பல்கலைக்கழக நாளன்று அவரை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண் இல்லாதவருக்குக் கண், கை இல்லாதவருக்குக் கை என்று துணைவேந்தர் பேசினார். கை வலிக்கக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. கீழே மூன்றாம் வரிசையில் அவர் எழுதிக்கொடுத்த பழைய, புதிய மாணவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு சமூகவியல் முதுகலையில் சேர்ந்தவன் ரேடியோ. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒரு தடவை கேட்டதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான், குரலும் கணீரென்று இருக்கும், அதனால் விடுதிப் பையன்கள் வைத்த பேர். தனக்கே அது பிடித்துப்போய், எங்கள் மேசையில் வந்து "ரேடியோ வந்திருக்கு, ஒரு புத்தகம் வேணும்" என்றுதான் சொல்வான். மடிக்கணினியில் சத்தமாகப் படித்துக்காட்டும் ஏற்பாடு வைத்திருந்தான். வீட்டுப்பாடம், கட்டுரை எல்லாம் அதில்தான் தட்டுவான். பத்து விரலும் பறக்கும்.

தேர்வையும் அதிலேயே எழுதுகிறேன் என்று அவன் மூன்று முறை விண்ணப்பித்தான். மூன்று முறையும் ஒரே பதில். கணினிக்குத் தேர்வறையில் அனுமதி இல்லை, நம்மிடம் அனுபவமுள்ள எழுத்தக்கா இருக்கிறார். மூன்றாவது பதிலின் நகல் தனக்கும் வந்தபோது, எழுத்தக்காவே அதைப் பெருமையோடு என்னிடம் காட்டினார். அந்த அலுவலகம் அவனுக்கு இல்லை என்று சொல்வதற்குத் தன்னைக் காரணமாக எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. "பாவம், மெஷினை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும் அந்தப் பிள்ளை? நான் இருக்கேன்" என்றார்.

முதல் ஆண்டு முழுக்க அவனுக்கு இவர்தான் எழுதினார். இரண்டாம் ஆண்டில் சமூக நலன் பற்றிய தாள் வந்தது. ஸ்கிரைப் வைத்து எழுதுபவர்களுக்குத் தனி அறை. எங்கள் துறைகளில் தனி அறை என்றால் பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்த சாமான் அறை. கண்காணிப்பாளர் அரை மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கடைசிக் கேள்வி, மாற்றுத்திறனாளிகள் வாழ்வில் தொண்டு நிறுவனங்களின் பங்கு பற்றியது. இருபது மதிப்பெண்.

ரேடியோ கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "தொண்டு நிறுவனங்கள் வாசலில் நிற்பவனுக்கு உதவுகின்றன. அவனை உள்ளே விடாத கதவைப் பற்றிப் பேசுவதில்லை. உதவி பெறுபவன் நன்றியோடு இருக்க வேண்டும் என்பது அந்த உதவியின் எழுதப்படாத நிபந்தனை. நன்றி சொல்ல மறுத்தால் உதவி நின்றுவிடும். அப்படிப்பட்ட உதவி உரிமைக்கு ஈடாகாது."

எழுத்தக்காவின் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளைத் திருத்தப்போகும் பேராசிரியர் ஊரறிந்த ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்துபவர். இதைப் படித்தால் மனிதர் கொதித்துப்போய்ப் பூஜ்யம் போடுவார் என்று அவருக்குப் பட்டது. அப்படித்தான் முதலில் என்னிடம் சொன்னார். அவர் எழுதியது இது: தன்னலமற்ற தொண்டுள்ளங்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களின் வாழ்வு இருண்டு போயிருக்கும், அவர்களுக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டவர்கள். அதோடு நிற்கவில்லை. மத்தியானங்களில் படித்த புத்தகங்களிலிருந்து நினைவில் இருந்ததையெல்லாம் கோத்து, இரண்டு பக்கம் அழகாக எழுதி முடித்தார்.

ரேடியோ கேட்டான்: "அக்கா, கடைசிக் கேள்வியை ஒரு தடவை படிச்சுக் காட்டுறீங்களா?"

எழுத்தக்கா விடைத்தாளைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத வரிகளை, அவன் சொன்ன வரிகளை, மனசிலிருந்து வாசித்தார். அவன் சரியென்று தலையாட்டினான்.

மதிப்பெண் வந்தது. எழுபத்தெட்டு. அந்தத் துறையிலேயே அதிகம். திருத்திய தாள்களில் சிறந்ததை வகுப்பில் வாசிப்பது அந்தப் பேராசிரியர் வழக்கம். ரேடியோவின் கடைசி விடையை அவர் குரல் தழுதழுக்க வாசித்தார். வகுப்பு கைதட்டியது. ரேடியோ எழுந்து நின்றான்.

"சார், அது நான் சொன்னது இல்ல."

"உன் பதிவெண்தான்பா இது."

"பதிவெண் என்னுது சார். வார்த்தை என்னுது இல்ல."

பேராசிரியர் அவனுடைய அடக்கத்தைப் பாராட்டினார். வகுப்பு சிரித்து, இன்னொரு முறை கைதட்டியது. இதை எங்களிடம் வந்து சொன்னது அவனுடைய விடுதி அறைத் தோழன்.

அன்று சாயங்காலமே ரேடியோ எங்கள் மேசைக்கு வந்தான். வழக்கமான ரேடியோ வந்திருக்கு என்ற பேச்சு இல்லை. கோலை மேசையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டான். "அக்கா, கடைசி விடையில நான் சொன்னதை எழுதலையா?" திட்ட வந்தவன் மாதிரி இல்லை. இல்லை தம்பி, மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏதாவது வழி பிறந்திருக்கும். வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார் எழுத்தக்கா.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கோலை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் தேர்வு அலுவலகத்தில் புகார் கொடுத்தான்.

அது வளாகம் முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. எல்லோரும் எழுத்தக்கா பக்கம். பதினொரு வருஷம் பைசா வாங்காமல் எழுதியவர் மேல் பழியா என்று கேன்டீனில் ஒரே கொதிப்பு. நானும் பேசினேன். பாவம் பார்த்தா தலைமேல ஏறுறாங்க என்று சொன்னது நான்தான். பக்கத்து மேசையில் அவனுடைய அறைத் தோழன் இருந்தான், அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

விசாரணை தேர்வு அதிகாரி அறையில் நடந்தது. அதிகாரியும் அந்தப் பேராசிரியரும் இருந்தார்கள். எழுத்தக்கா உள்ளே வந்ததும் உட்காருங்கம்மா என்று நாற்காலியைக் காட்டினார்கள். ரேடியோவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தான். எழுத்தக்காவுக்கு அந்த நாற்காலி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை என்றார்.

மார்க் குறைந்துபோனது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கூடிப்போனது என்று வந்தவன் நீ ஒருத்தன்தான் என்று அதிகாரி சிரித்தார். ரேடியோ தன்னிடம் இருந்த ஒரே சாட்சியைச் சொன்னான். "நான் நாலு நிமிஷம்தான் பேசினேன் சார். நான் நிறுத்தினப்புறமும் பேனா ரொம்ப நேரம் ஓடிச்சு. எனக்குக் கேட்டுச்சு." அதிகாரி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கனிவாகவே பேசினார். பார்வை இல்லாதவர்களுக்கு மனசுக்குள் நிறைய ஓடும், சொன்னது எது நினைத்தது எது என்று குழம்பிப்போவது சகஜம், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றார். ஒரு தடவை கேட்டதை வரி பிசகாமல் ஒப்பிப்பவனைப் பார்த்து அவர் இதைச் சொன்னார். அது பொய் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

பிறகு எழுத்தக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் சொன்னதைத்தானே எழுதினீர்கள்? ஆமாம் சார் என்றார். அவ்வளவுதான். அவர் நல்லபடியாகப் பொய் சொன்னதால் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. எதிரே நின்றவனுக்குக் கண் தெரியாது என்பதால் நம்பினார்கள். அது தனக்கு அந்த நிமிஷமே புரிந்தது என்று எழுத்தக்கா என்னிடம் சொன்னார். புரிந்தும் பேசாமல் எழுந்து வந்திருக்கிறார்.

நாலு நாள் கழித்துத் தேர்வு அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ரேடியோவின் மன்னிப்புக் கடிதம். நான்தான் முதலில் வாங்கிப் படித்தேன். பாத்தீங்களா, தானா வழிக்கு வந்துட்டான் என்று அவரிடம் நீட்டினேன். என் பார்வைக் குறைபாட்டினால் ஏற்பட்ட மனக்குழப்பத்தில், எனக்கு வாழ்வு தந்த தாய் போன்ற ஒருவர் மீது வீண்பழி சுமத்திவிட்டேன், அறியாப் பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன் என்று போயிற்று அது. கீழே அவனுடைய கையெழுத்து. கையெழுத்துப் போட அவன் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பான், நடுவில் நீளமாக வெட்டிய இடைவெளி இருக்கும், அதற்குள் பேனாவை ஓட்டுவான். கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். அவன் கையெழுத்துத்தான், சந்தேகமே இல்லை.

எழுத்தக்கா படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது அவன் சொன்னது இல்ல" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு வருஷம் அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதிய கை அது. தாய் போன்ற என்பதெல்லாம் அவன் வாயில் வராது என்று அதற்குத் தெரியும். தேர்வு அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து எழுதி, வேறு ஏதோ காகிதம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தான் அந்தச் சாமான் அறையில் செய்த அதே வேலையை வேறொருவர் கையில் பார்த்தபோது அது என்னவாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அன்று அவர் மேசையில் மூன்று புத்தகங்களைத் தவறான பேரில் பதிந்தார். முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது, கணவர் இதைக் கிளறாதே, அடைப்பு தானாகச் சரியாகும் என்றிருக்கிறார். மகள் மட்டும் கேட்டாளாம்: "பேராசிரியர் கோபப்படுவார்னுதான் மாத்தினியாம்மா? இல்ல, அவன் சொன்னது உனக்கே பிடிக்கலையா?"

எழுத்தக்கா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

மறுநாள் காலையில் மேசையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சமூகவியல் துறைக்குப் போனார். ரேடியோ தாழ்வாரத்துப் பெஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். இவர் குரலைக் கேட்டதும் கருவியைக் கழற்றினான். உன் பேரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். விசாரணை முடிந்ததற்கு ஒப்புகை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அதுவா என்றான்.

"படிக்கட்டுமா?"

"எழுதியிருக்கிறபடியே படிங்க."

படித்தார். ஒரு சொல்லையும் விடவில்லை. அவன் அசையாமல் கேட்டான். முடிந்ததும், கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தேர்வறையில் தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். திருத்திய வரிகளையும் சொன்னார்.

அவன் கடிதத்தைப் பையில் வைத்தான். பிறகு, "கடைசியில திரும்பப் படிச்சுக் காட்டினீங்களே, அது?" என்றான்.

"மனசுல இருந்து சொன்னேன்."

"மத்ததைக்கூட விட்டுடலாம். அதை எப்படிக்கா செஞ்சீங்க?"

எழுத்தக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சொன்னான்: "அழாதீங்க. நீங்க அழுதா நான் ஆறுதல் சொல்லணும். இப்ப என்னால அது முடியாது." அந்தப் பேச்சில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது என்றார் எழுத்தக்கா. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாராம். உங்கள் வார்த்தையில், உங்கள் பேரைப் போட்டு எழுதிக் கொடுங்கள், என்ன எழுதுவது என்று நான் சொல்லித்தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டானாம்.

அன்றைக்கே எழுதினார். ஒன்றரைப் பக்கம். நாலு தடவை கிழித்துப்போட்டதை நான் பார்த்தேன். தேர்வு அதிகாரி அதைப் படித்துவிட்டு, எல்லாம் நல்லதுக்குத்தானே செய்தீர்கள், ஏன் சேற்றை வாரிப் பூசிக்கொள்கிறீர்கள், முடிந்த கதை முடிந்ததாக இருக்கட்டும் என்று திருப்பி நீட்டியிருக்கிறார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். வாங்கவில்லை. அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியது யார் என்றும் கேட்டு எழுதியிருந்தார். அலுவலகம் அதற்குத்தான் பயந்தது. அதைத் தட்டச்சு செய்தது அதிகாரியின் உதவியாளர், செய்யச் சொன்னது அதிகாரி.

ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். முடிவில் அந்தத் தாளை ரத்துசெய்து, ரேடியோ மறுதேர்வு எழுதலாம் என்றார்கள். இந்த முறை எழுத்தக்காவைச் சொல்லித் தட்டிக்கழிக்க வழியில்லை. அவன் கேட்ட கணினியைக் கொடுத்தார்கள். வேறு பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர் திருத்தினார். அறுபத்தொன்று. எழுபத்தெட்டு போய் அறுபத்தொன்று ஆனதே என்று யாரோ எங்கள் மேசைப் பக்கத்தில் அவனிடம் அங்கலாய்த்தார்கள். "அறுபத்தொண்ணும் என்னுது" என்றான் அவன். எழுத்தக்கா குனிந்து ஒரு புத்தகத்தின் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதில் எந்தப் பக்கமும் கிழிந்திருக்கவில்லை.

இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஸ்கிரைப் பட்டியலிலிருந்து பேரை எடுத்தார்கள். அதிகாரி வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனார், பதவி உயர்வோடு. வளாகத்தில் பேச்சு மாறவில்லை. நல்லது செய்த அக்காவை ஒரு குருட்டுப் பையன் ஒழித்துக்கட்டிவிட்டான் என்றே பேசினார்கள். முன்பானால் எழுத்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டிருப்பார். இப்போது அப்படிப் பேசுகிறவர் எதிரில் போய் நின்று, தப்பு என்னுடையது, அவன் சொன்னதை மாற்றி எழுதினேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்பார். கேன்டீனில், வங்கி வரிசையில், ஒரு கல்யாண வீட்டில்கூடச் சொன்னார். கேட்டவர்களுக்குத்தான் சங்கடம். என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. கேன்டீனில் நான் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஒரு நாள் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். "நீ என்கிட்ட இருந்துதானே கத்துக்கிட்ட" என்றார். நான் ரேடியோவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றான். அதற்கு மேல் அவனுக்கும் எனக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை அவர் தேறியிருப்பார். ஆனால் மற்ற இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார். இலக்கணத்தைத் திருத்தியது, ஒரு வரி சேர்த்தது, தப்பாகச் சொன்ன ஆண்டைச் சரியாக எழுதியது என்று ஒன்பது பேர் விடைத்தாளில் கைவைத்தது நிச்சயமாக நினைவுக்கு வந்தது. ஏழு பேர் முகவரி கிடைத்தது. ஏழு பேருக்கும் எழுதினார். நாலு பேர் பதில் போடவில்லை. இரண்டு பேர் அதெல்லாம் பரவாயில்லை அக்கா என்றார்கள். ஏழாவது, பதினொரு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக இவர் எழுதிக்கொடுத்த, கை நடுங்கும் அந்த மாணவி. இப்போது ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். அவள் பதிலை எழுத்தக்கா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"எனக்கு அப்போதே தெரியும் அக்கா. என் கைதான் நடுங்கும், கண் நன்றாகவே தெரியும். நீங்கள் மாற்றி எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதாவது சொன்னால் அடுத்த தேர்வுக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள். பட்டச் சான்றிதழை எடுக்கும்போதெல்லாம் இதில் எவ்வளவு என்னுடையது என்று தோன்றும். நீங்கள் கெட்டவர் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் உங்களிடம் நன்றி சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு அவமானமாக இருந்தது."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். எழுத்தக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடையில எனக்குக் கைதட்டினாங்களே, அவ அன்னைக்குக் கீழேதான் உக்கார்ந்திருந்தா" என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவர் யாருக்கும் கையால் எழுதிக் கொடுக்கவில்லை. நூலக ரசீதைக்கூட என்னிடம் தள்ளிவிடுவார்.

ரேடியோவும் இன்னும் சில மாணவர்களும் சேர்ந்து நடையாய் நடந்து சில மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். கணினியில் எழுத விரும்புபவர்களுக்கு மறுக்கக் கூடாது. ஸ்கிரைப் வைத்து எழுதும் தேர்வு முழுக்க ஒலிப்பதிவு ஆகும். ஸ்கிரைப் ஆக வருபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அந்தச் சாமான் அறையைச் சுத்தம் செய்ய மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. பயிற்சியின் முதல் நாளுக்கு வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று ரேடியோ தன் அறைத் தோழன் மூலம் கேட்டு அனுப்பியிருந்தான். தானே வந்து கேட்கவில்லை. எழுத்தக்கா ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். ரேடியோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுத்தக்கா நின்றுகொண்டே சொன்னார். நாற்காலியைப் பற்றியும், கடிதத்தைப் பற்றியும், படித்துக்காட்டியதைப் பற்றியும் சொன்னார். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண், பெயின்ட் கடைக்காரரின் மகள், எழுந்தாள். அவளுக்கு மனசு தாளவில்லை போலிருக்கிறது.

"இருந்தாலும் மேடம், நீங்க அவங்களுக்கு நல்லது நடக்கணும்னுதானே செஞ்சீங்க?"

மகள் கேட்டபோது எழுந்து போன எழுத்தக்காவால் இங்கே எழுந்து போக முடியவில்லை.

"அப்படித்தான் நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார் கடைசியில். "உண்மை என்னன்னா, அன்னைக்கு எனக்குக் கோபம். பதினோரு வருஷமா செய்யறேன், எனக்கு நன்றி சொல்லமாட்டேங்கறானேன்னு கோபம். அவன் சொல்லாத நன்றியை நானே அவன் பேர்ல எழுதிக்கிட்டேன்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரேடியோ தலையைக் கொஞ்சம் சாய்த்து, கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் கலைந்தபோது அவன் கோலைத் தட்டிக்கொண்டு வாசல் வரை வந்து, "இதை நீங்க முன்னாடி சொல்லலை" என்றான். ஆமாம் என்றார் எழுத்தக்கா. அவன் படியிறங்கிப் போனான்.

அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் மறுநாள் வரவில்லை. ஏழு பேர் வந்தார்கள், பெயின்ட் கடைக்காரரின் மகளும் வந்தாள். எழுத்தக்கா இப்போதும் ஆண்டுக்கு இரண்டு முறை போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். போகும் நாள் காலையில் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பழகிப்போகவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். பழகிவிட்டால் போவதை நிறுத்திவிடுவேன் என்றார். திரும்பி வந்ததும் நேராகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களுக்குப் புத்தகம் பதிந்து கொடுக்க ஆரம்பிப்பார். ஒரு மணி நேரம் என்னோடு பேசமாட்டார். நானும் பேச்சுக் கொடுப்பதில்லை.